கேரோ-கான் அட்வான்ஸ்: வெள்ளையின் நல்ல பிஷப்பை மாற்றிய பிறகு கறுப்பு என்ன செய்ய வேண்டும்?

#1 சி6_சிப்பாய்

செஸ்ஸில் 1.இ4-க்குக் கறுப்பு சி6 ஆடினால் அது கேரோ-கான் ஓப்பனிங், வெள்ளை 3.இ5 தள்ளினால் அதன் அட்வான்ஸ் வேரியேஷன்: 1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 பிஷப் எஃப்5 4.பிஷப் டி3 பிஷப்×டி3 5.ராணி×டி3 இ6.

இதுவரை வந்ததும் எல்லாரும் "கறுப்புக்குச் சிரமமே இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேரியேஷனுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சினும் ஏறக்குறைய சமம் என்கிறது. சமம் என்றால் ஜெயிப்பது எப்படி? வெள்ளை பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை, காய் எதையும் இனாமாகக் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கறுப்பு எந்தக் காயை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் கட்டத்தைக் குறிவைக்க வேண்டும்? ரேபிடில் 1400–1800 ரேட்டிங்கில் ஆடுகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி சொல்லுங்கள்.

எழுத்து முறை: ஏ முதல் எச் வரை நெட்டு வரிசை, × என்றால் வெட்டு, + என்றால் செக். ! நல்ல நகர்வு, ? தப்பு, ?? பெரிய தப்பு. குதிரை ஜிஇ2 என்றால் ஜி வரிசைக் குதிரை இ2-க்கு. மூன்று புள்ளி போட்டால் கறுப்பின் நகர்வு.

#2 வெள்ளைக்கட்டம்

முதலில் சிப்பாய்களை மட்டும் பாருங்கள். வெள்ளையின் டி4, இ5 இரண்டும் கறுப்புக் கட்டத்தில் நிற்கின்றன. பெரும்பாலும் எஃப்4-உம் பின்னால் வரும். வெள்ளைக் கட்டங்களைக் காத்துக்கொண்டிருந்த ஒரே பிஷப் போய்விட்டது. ஆக சி4, இ4, எஃப்5, ஜி4 எல்லாம் மெல்ல மெல்லக் கறுப்புக்கு வரக்கூடிய கட்டங்கள். கறுப்பின் டி5, இ6, எஃப்7 வெள்ளைக் கட்டத்தில் நிற்கின்றன, ஆனால் அவற்றைத் தாக்க வெள்ளையிடம் பிஷப் இல்லை. வழக்கமாக ஃப்ரெஞ்ச் டிஃபென்ஸில் சி8-இல் மாட்டிக்கொண்டு உயிரை வாங்குகிற பிஷப்பைத்தான் இங்கே மாற்றிவிட்டோம்.

இதற்கு ஒரே ஒரு ஆட்டம் பார்த்தால் போதும் என்றால் நிம்சோவிச் – கபபிளாங்கா (முதல் பெயர் வெள்ளை), நியூயார்க் 1927. ஆறு பேர், ஒவ்வொருவரோடும் நான்கு ஆட்டம், கபபிளாங்கா முதலிடம், நிம்சோவிச் மூன்றாமிடம். இந்த ஆட்டத்தில் கடைசி நகர்வு வரை கறுப்புக்கு ஒரு சிப்பாய்கூட அதிகம் கிடையாது. சரண்டரின்போது இரு பக்கமும் ராணி, யானை, ஆறு சிப்பாய்.

6.குதிரை சி3 ராணி பி6 7.குதிரை ஜிஇ2 சி5 8.டி×சி5 பிஷப்×சி5 9.கேஸ்லிங் குதிரை இ7 10.குதிரை ஏ4 ராணி சி6 11.குதிரை×சி5 ராணி×சி5 12.பிஷப் இ3 ராணி சி7 13.எஃப்4 குதிரை எஃப்5 14.சி3 குதிரை சி6 15.யானை ஏடி1 ஜி6!

15-ஆவது நகர்வில் நிறுத்திப் பாருங்கள். ஜி6 ஏன்? வெள்ளைக்கு ராஜா பக்கம் உள்ள ஒரே திறப்பு எஃப்4–எஃப்5. குதிரையை ஜி4-ஆல் விரட்டினாலும் எஃப்5-இல் இப்போது இரண்டு சிப்பாய்களின் காவல் இருக்கிறது. 16.ஜி4 குதிரை×இ3 17.ராணி×இ3 எச்5! 18.ஜி5 கேஸ்லிங். இ5, எஃப்4, ஜி5 மூன்றும் கறுப்புக் கட்டத்தில் உறைந்துவிட்டன. இனி எஃப்5-இல் வந்து நிற்கும் கறுப்புக் காயை விரட்ட வெள்ளையிடம் ஒரு சிப்பாயும் இல்லை.

#3 தாக்குதல்_தம்பி

ஒரு சந்தேகம். 16-17-இல் வெள்ளை தன் சிப்பாய்களே வழி மறிக்கிற கெட்ட பிஷப்பைக் கறுப்பின் மிக நல்ல குதிரைக்கு மாற்றியிருக்கிறதே. கணக்குப்படி அது வெள்ளைக்கு லாபம்தானே? நிம்சோவிச்சும் இதெல்லாம் தெரியாத ஆள் இல்லை.

#4 வெள்ளைக்கட்டம்

காய்க்குக் காய் மட்டும் பார்த்தால் லாபம்தான். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஜி4 என்ற விலை கொடுக்க வேண்டியிருந்தது. எச்5 வந்ததும் வெள்ளைக்கு மூன்றே வழி. ஜி×எச்5 என்று வெட்டினால் எச்8 யானைக்கு வரிசை திறக்கிறது. எச்3 என்று தாங்கினால் எச்×ஜி4, எச்×ஜி4, அப்போதும் எச் வரிசை கறுப்புக்கு. ஜி5 என்று தள்ளினால் எஃப்5 நிரந்தரமாகப் போகிறது. கபபிளாங்கா 17-ஆவது நகர்வு வரை கேஸ்லிங் செய்யாமல் இருந்ததைக் கவனியுங்கள், யானை எச்8-இல் நின்றதால்தான் எச்5-க்குப் பல் இருந்தது. முன்பே கேஸ்லிங் செய்துவிட்டு அதே எச்5 ஆடினால் ஜி×எச்5 வந்து நம் ராஜா முன்னால்தான் ஓட்டை விழும். இந்த வரிசை மாறாட்டம்தான் இந்த அமைப்பில் அதிகம் நடக்கிற தப்பு.

16.பிஷப் எஃப்2 என்று பிஷப்பைக் காப்பாற்றியிருந்தாலும் 16...எச்5 ஆடிக் குதிரையை எஃப்5-இல் ஊன்றலாம். ஆனால் வெள்ளைக்குப் பலவீனம் ஒன்று குறைவாக இருந்திருக்கும், அது உண்மை.

#5 சி6_சிப்பாய்

சி5 எப்போது ஆட வேண்டும் என்பதில்தான் எனக்குக் குழப்பம். இ6 ஆனவுடனேயா, காய்களை எடுத்த பிறகா?

#6 பழைய_ஸ்கோர்ஷீட்

இந்த ஓப்பனிங்குக்குப் பெயர் கொடுத்த இருவரில் ஒருவரான மார்கஸ் கான் ஆடிய ஆட்டமே இதற்குப் பதில். மீசஸ் – கான், ஹாம்பர்க் 1885, 24 நகர்வு.

5...இ6 வரை இதே நிலை. பிறகு 6.எஃப்4 சி5 7.சி3 குதிரை சி6 8.குதிரை எஃப்3 ராணி பி6 9.கேஸ்லிங் குதிரை எச்6 10.பி3 சி×டி4 11.சி×டி4 குதிரை எஃப்5 12.பிஷப் பி2 யானை சி8 13.ஏ3? குதிரை சி×டி4! 14.குதிரை×டி4 பிஷப் சி5 15.யானை டி1 குதிரை×டி4 16.பிஷப்×டி4 பிஷப்×டி4+ 17.ராணி×டி4 யானை சி1!

ராணியை பி6 ராணி பார்க்கிறது, ராணிக்குக் காவல் டி1 யானை, அந்த யானையை சி1-இலிருந்து தாக்குகிறோம். பி1 குதிரையும் ஏ1 யானையும் வீட்டை விட்டே கிளம்பவில்லை, அதனால் உதவிக்கு ஆள் இல்லை. 18.ராஜா எஃப்2 யானை×டி1 19.ராணி×பி6 ஏ×பி6. சிப்பாய் ஒன்றும் எக்ஸ்சேஞ்சும் (குதிரைக்கு எதிராக யானை) லாபம்.

இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது காம்பினேஷன் அல்ல, டி4 மேல் காய் சேர்க்கும் கணக்கு. சி6 குதிரை, எஃப்5 குதிரை, பி6 ராணி, பின்னால் சி5-க்கு வரத் தயாராக எஃப்8 பிஷப். வெள்ளைக்கு சி3 சிப்பாய், எஃப்3 குதிரை, டி3 ராணி, ஒரு பிஷப். சி×டி4, சி×டி4 என்று வெட்டிக்கொண்டால் சி3 சிப்பாய்க் காவல் காணாமல் போகும், சி வரிசையும் திறக்கும். ஆகவே சி5-ஐச் சீக்கிரம் ஆடுங்கள், பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது நகர்விலேயே. ஆனால் சி×டி4 வெட்டுவதற்கு அவசரம் வேண்டாம். வெட்டினால் பி1 குதிரைக்கு சி3 கட்டம் கிடைக்கும். எஃப்5 குதிரை வந்து உட்காரத் தயாரான பிறகே வெட்டுவது நல்லது.

#7 குதிரை_இ7

குதிரை எந்த வழியாக எஃப்5 போக வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். இ7 வழி போனால் எஃப்8 பிஷப்பின் வழி அடைபடும், அதனால் சி5-இல் பிஷப் வெளியே வந்த பிறகு இ7 நல்லது. கபபிளாங்கா அப்படித்தான் செய்தார். பிஷப் இன்னும் எஃப்8-இல் இருந்தால் எச்6 வழி. பிஷப்×எச்6 ஜி×எச்6 வந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். சி1 பிஷப் அந்த இடத்தை விட்டதும் பி2-க்குக் காவல் இருக்காது, நம் ராணி பி6-இல் நிற்கிறது. ஆகவே ராணி பி6 முதலில், குதிரை எச்6 பிறகு. வரிசையை மாற்றினால் நிஜமாகவே சிப்பாய் அமைப்பு கெடும்.

#8 தாக்குதல்_தம்பி

நல்லது. ஆனால் இப்போது யார் 4.பிஷப் டி3 ஆடுகிறார்கள்? ஆன்லைனில் பாதிப்பேர் 4.எச்4, மீதிப்பேர் 4.குதிரை எஃப்3. அங்கே உங்கள் வெள்ளைக்கட்ட தத்துவம் என்ன ஆகும்?

#9 வெள்ளைக்கட்டம்

4.எச்4-க்கு முதலில் உயிர் பிழைக்க வேண்டும். 4...இ6?? 5.ஜி4 பிஷப் இ4 6.எஃப்3 பிஷப் ஜி6 7.எச்5, பிஷப் காலி. பிளிட்ஸில் தினமும் நடக்கிறது.

எனவே 4...எச்5. இதனால் ஜி4 நின்றுவிடுகிறது, எஃப்5 குதிரைக்குப் பிற்காலத்தில் பாதுகாப்பு தானாகவே கிடைத்துவிட்டது. 5.பிஷப் டி3 பிஷப்×டி3 6.ராணி×டி3 ராணி ஏ5+! அடுத்து ராணி ஏ6. இந்த ராணி ஏ6 யோசனை 4.பிஷப் டி3 வரியிலும் உண்டு, அதை விரிவாகச் சொல்லலாம்.

வெள்ளைக்கு இருக்கும் ஒரே சொத்து இ5 தரும் இடம். அந்த இடம் பயன்படுவது ராஜா மீது தாக்குதல் நடத்த. ராணிகள் போய்விட்டால் தாக்குதல் இல்லை, இடம் வெறும் இடமாகத் தொங்கும், டி4 மட்டும் பலவீனமாக நிற்கும். உதாரணமாக 4.பிஷப் டி3 பிஷப்×டி3 5.ராணி×டி3 இ6 6.குதிரை எஃப்3 ராணி ஏ5+ 7.சி3 ராணி ஏ6. 8.ராணி×ஏ6 குதிரை×ஏ6 என்றால் கறுப்பு கேஸ்லிங்கே செய்ய வேண்டாம். ராஜா டி7-இல் சுகமாக நிற்கும், சி5 வரும், ஜி8 குதிரை இ7 வழியாக எஃப்5-க்கோ சி6-க்கோ போகும். 8.ராணி டி1 என்று விலகினால் ஏ6–எஃப்1 மூலைவரிசை நம் கையில், வெள்ளையால் உடனே கேஸ்லிங் செய்ய முடியாது. இதற்கு விலை இல்லாமல் இல்லை. ராணி ஏ6-இல் இருக்கும்வரை சி5-இன் வேகம் கொஞ்சம் குறையும், டி4 மீதான அழுத்தமும் பி6 ராணி இருந்தால் வருகிற அளவுக்கு வராது. பொறுமையாக எண்ட்கேம் ஆடத் தெரிந்தவர்களுக்கு ஏ6, சிக்கலை விரும்புகிறவர்களுக்கு பி6.

எச்4 வரியில் 5.பிஷப் ஜி5 கொஞ்சம் தொல்லை, ஏனென்றால் இ6 ஆடினால் டி8 ராணி போய்விடும். 5...ராணி பி6 முதலில், 6.பிஷப் டி3 பிஷப்×டி3 7.ராணி×டி3 இ6. பி2-ஐ வெட்டலாமா என்று ஒவ்வொரு நகர்விலும் கை அரிக்கும். காய்கள் வெளியே வராதவரை வேண்டாம்.

#10 குதிரை_இ7

4.குதிரை எஃப்3 இ6 5.பிஷப் இ2 – இது ஷார்ட் சிஸ்டம். வெள்ளை பிஷப்பை மாற்ற மறுக்கிறது, அதனால் மேலே சொன்ன வெள்ளைக்கட்ட ஆதிக்கம் இங்கே இலவசமாகக் கிடைக்காது. 5...சி5 6.பிஷப் இ3 சி×டி4 7.குதிரை×டி4 குதிரை இ7, பிறகு பி8 குதிரை சி6-க்கு. எஃப்5 பிஷப்பை டி4 குதிரை வெட்டினால் இ7 குதிரையால் திரும்ப வெட்டி எஃப்5-ஐ மீண்டும் பிடிக்கிறோம். அவசரப்பட்டு எஃப்5 பிஷப்பை எங்காவது ஒதுக்காதீர்கள், அங்கே நின்று அடிபடுவதுதான் அதன் வேலை.

4.குதிரை சி3 இ6 5.ஜி4 பிஷப் ஜி6 6.குதிரை ஜிஇ2 சி5 7.எச்4 எச்5 வேறு உலகம். அங்கே ஸ்ட்ராட்டஜி பேசிக்கொண்டிருந்தால் மேட் ஆகிவிடும், வரிகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

#11 சி6_சிப்பாய்

கபபிளாங்கா ஆட்டத்தின் மீதியையும் சொல்லிவிடுங்கள். 18...கேஸ்லிங் வரை புரிந்தது. அதற்குப் பிறகு 25 நகர்வுக்கு மேல் காய்கள் முன்னும் பின்னும் போவது மாதிரித் தெரிகிறதே தவிர, திட்டம் தெரியவில்லை.

#12 பழைய_ஸ்கோர்ஷீட்

19.குதிரை டி4 ராணி பி6. பி2 மீது கண், டி4 குதிரைக்குப் பின்னால் இ3 ராணி நிற்பதால் அந்தக் குதிரை நினைத்தபடி நகர முடியாது. 20.யானை எஃப்2 பி2-ஐக் காக்கிறது, எஃப் வரிசைத் தாக்குதலுக்காக வைத்திருந்த யானை இப்போது காவல்காரன். 20...யானை எஃப்சி8 21.ஏ3 யானை சி7 22.யானை டி3 குதிரை ஏ5 23.யானை இ2 யானை இ8 24.ராஜா ஜி2 குதிரை சி6 25.யானை இடி2 யானை இசி8 26.யானை இ2 குதிரை இ7 27.யானை இடி2 யானை சி4.

முன்னும் பின்னும் போவது உங்களுக்குத் தோன்றுவது சரிதான். குதிரை ஏ5 போய் சி4-ஐக் காட்டி மிரட்டிவிட்டுத் திரும்பியது, நடுவில் யானை இ8 போய் இ6-க்குக் காவல் கொடுத்தது. வெள்ளையிடம் செய்ய உருப்படியான வேலை இல்லை என்பதை அறிந்துகொண்டு, கறுப்பு காய்களைச் சரியான கட்டத்துக்கு ஒவ்வொன்றாக மாற்றுகிறது. வெள்ளையின் நகர்வுகளைப் பாருங்கள்: யானை இ2, டி2, இ2, டி2. திறந்த வரிசை ஒன்று இருக்கிறது, அது சி. சி3 சிப்பாய் அதை வெள்ளைக்கு மூடி, கறுப்புக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறது.

28.ராணி எச்3 ராஜா ஜி7 29.யானை எஃப்2 ஏ5 30.யானை இ2 குதிரை எஃப்5 31.குதிரை×எஃப்5+ ஜி×எஃப்5.

ராஜா ஜி7 முன்பே வந்தது இதற்காகத்தான். 32.ராணி×எச்5 என்றால் யானை எச்8 வந்து எச் வரிசை முழுக்கக் கறுப்புக்கு, எஃப்4 சிப்பாயும் ஆட்டம் காணும். வெள்ளை 32.ராணி எஃப்3 ஆடியது, 32...ராஜா ஜி6. ராஜா எச்5, எஃப்5, எஃப்7 மூன்றையும் ஒரே இடத்திலிருந்து காக்கிறது. எஃப்5 தள்ளல் இனி ஆட்டத்திலேயே இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் கறுப்புச் சிப்பாய் நிற்கிறது. வெள்ளையின் ஒரே நல்ல காயான டி4 குதிரையும் போயாயிற்று.

33.யானை இடி2 யானை இ4 34.யானை டி4 யானை சி4. நான்காம் வரிசையின் வெள்ளைக் கட்டங்களில் இரண்டு யானைகள்! 35.ராணி எஃப்2 ராணி பி5 36.ராஜா ஜி3 யானை சி×டி4 37.சி×டி4 ராணி சி4. ஒரு யானை ஜோடியை மாற்றியதும் சி வரிசையில் வெள்ளைக்குக் காவல் இல்லை, டி4-உம் எஃப்4-உம் வெள்ளையின் ராணியையும் யானையையும் கட்டிப்போடுகின்றன.

38.ராஜா ஜி2 பி5 39.ராஜா ஜி1 பி4 40.ஏ×பி4 ஏ×பி4 41.ராஜா ஜி2 ராணி சி1 42.ராஜா ஜி3 ராணி எச்1 43.யானை டி3 யானை இ1 44.யானை எஃப்3 யானை டி1 45.பி3 யானை சி1. ஸுக்ஸ்வாங், அதாவது எதை நகர்த்தினாலும் நிலை கெடும். பி2–பி3 தான் வெள்ளையிடம் மிச்சமிருந்த சும்மா நகர்வு, அதுவும் தீர்ந்தது. 46.யானை இ3 யானை எஃப்1, வெள்ளை சரண்டர்.

பி5–பி4 எதற்கு என்று கேட்டால், புதிய பலவீனம் உண்டாக்க மட்டுமல்ல. வெள்ளையின் ஏ, பி சிப்பாய்கள் சும்மா நகர்வுகளாக மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்கும்தான்.

#13 கார்ல்ஸ்பாட்_காதலன்

எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனையும் இந்த இழையில் சேர்த்துவிடலாம், அங்கேயும் கறுப்பு தந்திரமே இல்லாமல் மெல்ல ஜெயிக்கலாம். 3.இ×டி5 சி×டி5 4.பிஷப் டி3 குதிரை சி6 5.சி3 குதிரை எஃப்6 6.பிஷப் எஃப்4 பிஷப் ஜி4 7.ராணி பி3 ராணி டி7. இது குவீன்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்சின் நிறம் மாறிய வடிவம். ராணி பக்கம் கறுப்புக்கு ஏ, பி இரண்டு சிப்பாய், வெள்ளைக்கு ஏ, பி, சி மூன்று. சிறுபான்மை தாக்குதல், அதாவது குறைவான சிப்பாய்களை வைத்து அதிகமான சிப்பாய்களைத் தாக்குவது: ஜி4 பிஷப்பை எஃப்3 குதிரைக்கு மாற்று, இ6, பிஷப் டி6 ஆடிக் கறுப்புக்கட்ட பிஷப்புகளை மாற்று, கேஸ்லிங், யானை ஏபி8, பி5, பி4, பி×சி3. பி×சி3 ஆனதும் சி3 பின்தங்கிய சிப்பாய். யானையை சி8-இல் வை, குதிரையை ஏ5 வழியாக சி4-க்கு அனுப்பு.

வெள்ளை ஏ3 ஆடினால் ஏ5 ஆடிய பிறகு பி4. வெள்ளை பி4 என்று மறித்தால் சி4 ஓட்டை, குதிரை டி7–பி6–சி4.

கெட்டுப்போவது எங்கே? எஃப்3 குதிரை உயிரோடு இருக்கும்போதே பி5 ஆடுவதில். அது இ5-இல் உட்காரும், எஃப்4 தாங்கும், டி3 பிஷப் எச்7-ஐப் பார்க்கும். 1970 பெல்கிரேடில் சோவியத் – உலக அணி போட்டியில் ஃபிஷர் பெட்ரோசியனை இதே வரியில்தான் சாய்த்தார். அங்கே பெட்ரோசியன் 7...குதிரை ஏ5 8.ராணி ஏ4+ பிஷப் டி7 9.ராணி சி2 இ6 என்று பிஷப்பைப் பின்வாங்க விட்டார், ஜி4-இலிருந்து குதிரையைக் கட்டிப்போடும் பின் (pin) போனதும் எஃப்3 குதிரைக்கு இ5 போக வழி கிடைத்தது. ராணி பி6 ஆடி பிஷப் பி5 மூலம் மாற்றப் பார்த்தார், ஃபிஷர் 11.ஏ4 ஆடி அதையும் அடைத்தார். கறுப்பின் ராணி பக்கத் திட்டம் கிளம்பவே இல்லை. எனவே 7...ராணி டி7 தான் என் வாக்கு.

#14 தாக்குதல்_தம்பி

3.குதிரை சி3-க்கு இதே கதைதானா?

#15 வெள்ளைக்கட்டம்

பாதி. 3...டி×இ4 4.குதிரை×இ4 பிஷப் எஃப்5 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை எஃப்3 குதிரை டி7 8.எச்5 பிஷப் எச்7 9.பிஷப் டி3 பிஷப்×டி3 10.ராணி×டி3 இ6. இங்கேயும் பிஷப் மாறியாயிற்று. வெள்ளையின் எச்5 சிப்பாய் மிடில்கேமில் ஆயுதம், எண்ட்கேமில் சுமை. ஆகவே ராணி மாற்றம் வந்தால் தட்டாதீர்கள். 7...குதிரை டி7-ஐ மட்டும் மறக்கக் கூடாது, இ5-ஐ அடைப்பது அதன் வேலை.

இதே வரியை வெள்ளை டி4 ஆடாமல் இரண்டு குதிரைகளோடு வந்தால் ஆடவே ஆடாதீர்கள். 1.இ4 சி6 2.குதிரை சி3 டி5 3.குதிரை எஃப்3 டி×இ4 4.குதிரை×இ4 பிஷப் எஃப்5? 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை இ5 பிஷப் எச்7 8.ராணி எச்5 ஜி6 9.பிஷப் சி4! இ6 10.ராணி இ2. குதிரை×எஃப்7 தொங்குகிறது, ஜி6 வந்ததால் எச்7 பிஷப் செத்த காய். அங்கே 3...பிஷப் ஜி4 4.எச்3 பிஷப்×எஃப்3 5.ராணி×எஃப்3 இ6 போதும். வெள்ளைக்கு இரண்டு பிஷப், நமக்குக் கல்சுவர்.

3.குதிரை சி3 டி×இ4 4.குதிரை×இ4-க்கு 4...குதிரை டி7 ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: 5.ராணி இ2 வந்தால் 5...குதிரை ஜிஎஃப்6?? 6.குதிரை டி6 மேட். இ7 சிப்பாய் பின் (pin) ஆகியிருக்கிறது, நகர்ந்தால் இ2 ராணி ராஜாவைத் தாக்கும்.

#16 சி6_சிப்பாய்

பயிற்சிக்கு எந்த நிலையை வைத்து ஆடலாம்?

#17 பழைய_ஸ்கோர்ஷீட்

கபபிளாங்கா ஆட்டத்தின் 19.குதிரை டி4 வரை போர்டில் வையுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி இ3, யானை டி1, எஃப்1, குதிரை டி4, சிப்பாய் ஏ2, பி2, சி3, இ5, எஃப்4, ஜி5, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி சி7, யானை ஏ8, எஃப்8, குதிரை சி6, சிப்பாய் ஏ7, பி7, டி5, இ6, எஃப்7, ஜி6, எச்5. கறுப்பு ஆட வேண்டும்.

ஆளுக்கு 25 நிமிஷம் வைத்து நண்பரோடு கறுப்பாக ஆடுங்கள், எஞ்சினை எதிராளியாக வைக்க வேண்டாம். மனிதர் வெள்ளையாக இருந்தால் எஃப்5 தள்ளுவார், அது எப்போது வேலை செய்கிறது, எப்போது வெறும் சிப்பாய் நஷ்டம் என்பது கையில் பழகும். ஒரு நிபந்தனை: முதல் பத்து நகர்வுக்குள் டி4 குதிரையை சி6 குதிரையால் வெட்டக் கூடாது. அங்கே வெட்டினால் வெள்ளை சி×டி4 என்று எடுத்து சி3 பலவீனத்தைச் சரிசெய்துகொள்ளும். மாற்றம் எஃப்5-இல் நடந்தால்தான் ஜி சிப்பாய் எஃப்5-க்கு வந்து பூட்டுப் போடும்.

#18 குதிரை_இ7

அதோடு நிறத்தை மாற்றியும் ஒரு முறை ஆடச் சொல்லுங்கள். வெள்ளையாக உட்கார்ந்து எச்2–எச்4 ஆடிவிட்டால் ஜி4, ஜி3 இரண்டும் எப்படி ஓட்டையாகின்றன என்று தெரியும். கறுப்பாக ஆடும்போது எதிராளி அதை எப்போது செய்வார் என்று காத்திருக்கத் தோன்றும்.